குதிரைப் பந்தய டிப்ஸ் விற்க நினைப்பவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

டிப்ஸ் விற்கலாம் என்று கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, மாதம் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதுதான். இரண்டாவது, டெலிகிராமா வாட்ஸ்அப்பா. இரண்டும் கடைசிப் பக்கம் வர வேண்டிய கேள்விகள். அதற்குள் சேனல் திறந்து, லோகோ போட்டு, நாற்பது பேரைச் சேர்த்து, மூன்றாவது வாரம் பதினைந்து குதிரைகள் வரிசையாகத் தோற்றதும் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இவர்களில் பலருக்குக் குதிரை நன்றாகவே தெரியும். எதற்குப் பின் எது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நான் எழுதுவது பிரிட்டன் பந்தயங்களைப் பற்றி மட்டும். நான் சில வருஷம் இதைச் செய்தது இங்கேதான். கொழும்பில் புக்கிக் கடையில் உட்கார்ந்து நம் ஆட்கள் திரையில் பார்ப்பதும் பெரும்பாலும் இந்தப் பந்தயங்களைத்தான். இந்தியாவில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துச் செய்ய வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் தடுக்கும் சட்டம் 2025-இல் அங்கே வந்துவிட்டது.

## தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு எக்செல் கோப்பு. நான்கைந்து புக்மேக்கர் கணக்குகளும் பெட்ஃபேர் மாதிரி ஒரு எக்ஸ்சேஞ்ச் (புக்கி இல்லாமல் ஆட்களே ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டும் தளம்) கணக்கும். அதில் பெரிய பணம் போட வேண்டியதில்லை, எந்த நேரத்தில் எந்த விலை உண்மையாகக் கிடைக்கிறது என்று பார்க்கத்தான். அப்புறம் எட்டு ஒன்பது மாதம் பொறுமை. இந்த மாதங்களில் டிப்ஸில் இருந்து ஒரு காசு வராது என்பதால் வேறு வருமானம் கட்டாயம் வேண்டும். வாடகை கட்டுவதற்காக டிப்ஸ் விற்கிறவர், நல்ல குதிரை இல்லாத நாளிலும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துத்தான் ஆவார்.

## 1. ஒரு மூலையைப் பிடியுங்கள்

பிரிட்டனில் 59 பந்தயத் திடல்கள் இருக்கின்றன. சாதாரண வார நாளிலேயே மூன்று நான்கு இடங்களில் பந்தயம், ஒவ்வொன்றிலும் ஆறேழு ஓட்டம். எல்லாவற்றையும் படிக்க முடியாது, படித்ததாகச் சொல்கிறவர் பத்திரிகையைப் பார்த்து எழுதுகிறார்.

என் யோசனை, புதியவர் ஆல்-வெதர் (புல்லுக்குப் பதில் செயற்கைத் தளம் போட்ட) திடல்களின் கீழ்நிலை ஹேண்டிகேப் ஓட்டங்களில் (நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமன்படுத்தும் ஓட்டங்கள்) தொடங்கலாம். வுல்வர்ஹாம்ப்டன், சவுத்வெல், நியூகாசில், கெம்ப்டன், லிங்ஃபீல்ட், செல்ம்ஸ்ஃபோர்ட் என்று ஆறே திடல்கள். அதே குதிரைகள் குளிர்காலம் முழுக்க மறுபடி மறுபடி ஒன்றோடொன்று மோதும். புல் திடலில் ராத்திரி பெய்த மழை காலையில் எல்லாக் கணக்கையும் கவிழ்த்துவிடும், இங்கே அந்தத் தொல்லை குறைவு. ஆறிலும் முதல் மூன்று டபீட்டா தளம், மற்ற மூன்று பாலிட்ராக் தளம். ஒன்றில் நன்றாக ஓடிய குதிரை மற்றதில் அப்படியே ஓடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் இந்த மூலையில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஓட்டங்களில் சந்தை மெலிந்தது. முப்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே குதிரை மீது பணம் கட்டினால் 8/1 விலை (ஒன்று கட்டி ஜெயித்தால் எட்டு லாபம்) ஐந்து நிமிஷத்தில் 5/1 ஆகிவிடும். சனிக்கிழமை பெரிய ஹேண்டிகேப் ஓட்டங்களில் விலை அவ்வளவு சீக்கிரம் உடையாது, ஆனால் அங்கே உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆக, எந்த மூலை என்று முடிவு செய்யும்போதே எத்தனை சந்தாதாரர் வரை தாங்கும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறீர்கள். இது பலருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் உறைக்கிறது.

## 2. ஜெயிக்கும் குதிரையை விட்டுவிட்டு விலையைப் பாருங்கள்

"இன்றைக்கு எது ஜெயிக்கும்?" என்று யோசிக்கும்வரை நீங்கள் வாடிக்கையாளர்தான், டிப்ஸ்டர் ஆகவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புக்கியின் விலையைப் பார்க்காமல், ஒவ்வொரு குதிரைக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று நீங்களே எழுதுங்கள். எல்லாம் சேர்ந்து 100 வர வேண்டும். முதல் முறை எழுதுகிறவர்களுக்கு 130 வரும், ஏனென்றால் பிடித்த குதிரைக்கு எல்லாம் வாரி வழங்கியிருப்பார்கள்.

ஒரு குதிரைக்கு 20% என்று எழுதினால் அதன் நியாயமான விலை 4/1. புக்கி 6/1 கொடுத்தால் அது டிப். 3/1 கொடுத்தால், அதுவே ஜெயிக்கும் என்று உள்ளுக்குள் அடித்துச் சொன்னாலும் அது டிப் இல்லை. அந்தக் குதிரை ஜெயித்துவிடும், சந்தாதாரர்கள் ஏன் கொடுக்கவில்லை என்று திட்டுவார்கள். திட்டட்டும்.

புக்கியின் விலைகளை இதே மாதிரி சதவீதமாக்கிக் கூட்டினால் 100-க்கு மேலேயே வரும். அந்த மிச்சம் அவருடைய லாபம். நீங்கள் முதலில் அதைத் தாண்டி, அதற்கு மேல் சந்தாதாரருக்கு லாபம் காட்டி, அதற்கும் மேல் உங்கள் கட்டணத்தை எடுக்க வேண்டும். மூன்று வேலிகள்.

## 3. ஐந்நூறு பந்தயம் எழுதுங்கள், யாருக்கும் சொல்லாமல்

இதுதான் நீளமான படி, எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படியும் இதுதான்.

ஒவ்வொரு டிப்பையும் ஓட்டத்துக்கு முன் எழுதுங்கள்: தேதி, எழுதிய நேரம், திடல், ஓட்டம், குதிரை, நீங்கள் போட்ட சதவீதம், அந்த நேரத்தில் கிடைத்த விலை, பதினைந்து நிமிஷம் கழித்து இருந்த விலை, எஸ்.பி. எனப்படும் தொடக்க விலை (ஓட்டம் தொடங்கும்போது புக்கிகளிடம் இருக்கும் விலை), எக்ஸ்சேஞ்சின் தொடக்க விலை, முடிவு, லாப நஷ்டம். எல்லாவற்றையும் பாயின்ட் கணக்கில் வையுங்கள், ஒரு டிப்புக்கு ஒரு பாயின்ட். பவுண்டில் எழுதினால் ஆளுக்கு ஆள் தொகை மாறும், ஒப்பிட முடியாது.

பதினைந்து நிமிஷம் கழித்து இருந்த விலையை ஏன் எழுத வேண்டும்? சந்தாதாரர் செய்தியைப் பார்த்து, வேலையிடத்தில் கழிப்பறைக்குள் போய், ஆப்பைத் திறந்து பணம் கட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். லாபத்தைக் கணக்கிட வேண்டியதும் அந்த விலையில்தான். ஒரு கடையில் ஒரு நிமிஷம் மின்னி மறைந்த 12/1-ஐ எழுதி வைத்துக்கொண்டு, நூறு பாயின்ட் லாபம் என்று காட்டுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

கணக்கு தப்பும் இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன், ஒவ்வொன்றிலும் ஆட்கள் விழுந்து பார்த்திருக்கிறேன்.

ரூல் ஃபோர். நீங்கள் விலை எடுத்தபின் ஒரு குதிரை விலகினால், அதன் விலையைப் பொறுத்து உங்கள் லாபத்தில் வெட்டு விழும். 2/1 குதிரை விலகினால் பவுண்டுக்கு 30 பென்ஸ் போகும். 8/1-இல் எடுத்த குதிரை ஜெயித்தால் 8 பாயின்ட் இல்லை, 5.6 பாயின்ட்தான். நூற்றில் ஐந்தாறு முறை இப்படி நடந்தாலே, வெட்டை எழுதாதவர் கணக்கு ஊதிப்போயிருக்கும்.

ஈச் வே. "1 பாயின்ட் ஈச் வே" என்றால் கட்டுவது 2 பாயின்ட், ஜெயிப்பதற்கு ஒன்று, இடம் பிடிப்பதற்கு ஒன்று. ஒன்று என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எட்டு குதிரை ஓடினால் மூன்று இடங்களுக்குப் பணம், ஏழு ஓடினால் இரண்டே இடம். 10/1 குதிரையை எட்டுக் குதிரை ஓட்டத்தில் ஈச் வே கொடுக்கிறீர்கள், அது மூன்றாவதாக வருகிறது. இடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை, அதாவது 2/1, ஆகவே மொத்தத்தில் 1 பாயின்ட் லாபம். மத்தியானம் ஒரு குதிரை விலகி ஏழாகிவிட்டால் அதே மூன்றாவது இடத்துக்கு 2 பாயின்ட் நஷ்டம். சரியாக எட்டுக் குதிரை இருக்கும் ஓட்டத்தில் ஈச் வே கொடுப்பதைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

டெட் ஹீட். இரண்டு குதிரை சேர்ந்து முதலிடம் என்றால் கட்டிய தொகையில் பாதிக்குத்தான் முழு விலை கிடைக்கும், மறுபாதி போனது போனதுதான். அரிதாக வரும், ஆனால் வரும்.

கூடுதல் விலை உத்தரவாதம். நீங்கள் 5/1-இல் எடுத்து, எஸ்.பி. 8/1 ஆனால் சில புக்கிகள் 8/1 கொடுப்பார்கள். உங்கள் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள். தொடர்ந்து நல்ல விலை எடுக்கும் சந்தாதாரரிடம் இருந்து புக்கிகள் முதலில் பிடுங்குவது இந்தச் சலுகையைத்தான். அடுத்து அவர் கட்டக்கூடிய தொகையையே இரண்டு மூன்று பவுண்டாகச் சுருக்கிவிடுவார்கள்.

சரி, ஐந்நூறு ஏன், நூறு போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி விலை 5/1, உங்களுக்குத் திறமையே இல்லை, புக்கிக்கும் லாபமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நூறு டிப்பில் வெறும் அதிர்ஷ்டமே 22 பாயின்ட் மேலேயோ கீழேயோ தள்ளுவது சர்வசாதாரணம். ஆறு பேர் கண்ணை மூடிக்கொண்டு குதிரை பொறுக்கினால் அவர்களில் ஒருவர் 22 பாயின்டுக்கு மேல் லாபத்தில் இருப்பார், அவர்தான் மறுநாள் சேனல் திறப்பார். ஐந்நூறு டிப்பில் இந்த ஆட்டம் 50 பாயின்ட் அளவு, அதாவது கட்டிய மொத்தத்தில் 10%. நூறில் 22% ஆக இருந்தது இங்கே 10% ஆகச் சுருங்குகிறது. ஐந்நூறும் முழு நிரூபணம் ஆகாது, ஆனால் பேசுவதற்கு அடிப்படை கிடைக்கிறது.

இதைவிடச் சீக்கிரம் பதில் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. நீங்கள் எடுத்த விலையையும் எக்ஸ்சேஞ்சின் தொடக்க விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் 8-இல் எடுத்தது ஓட்டம் தொடங்கும்போது 6.5-க்கு வந்திருந்தால், சந்தை உங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. நூறு டிப்பில் அறுபது எழுபது இப்படி இருந்தால், லாபம் இன்னும் வராவிட்டாலும் தொடரலாம். மாறாக, லாபம் கொட்டுகிறது ஆனால் விலைகள் பெரும்பாலும் உங்களுக்கு எதிராக ஏறுகின்றன என்றால் அது அதிர்ஷ்டம், சீக்கிரம் தீரும். இந்தச் சோதனையைச் சந்தாதாரர் சேருமுன் செய்ய வேண்டும். சேர்ந்த பிறகு அவர்கள் பணமே விலையை இறக்கும், நீங்கள் உங்கள் நிழலைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நானே முதல் தடவை 140 டிப் முடிந்ததும் 31 பாயின்ட் லாபத்தைப் பார்த்துக் கடை திறந்தேன். அடுத்த 140-இல் 38 பாயின்ட் போயிற்று. இப்போது சொல்வது எல்லாம் அந்த அடிக்குப் பின் கற்றது.

## 4. மூன்றாம் ஆளிடம் முத்திரை வாங்குங்கள்

நீங்களே எழுதிய எக்செல்லை யாரும் நம்ப வேண்டிய அவசியமில்லை, நானும் நம்ப மாட்டேன். ஓட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு டிப்பையும் உங்களால் திருத்த முடியாத இடத்துக்கு அனுப்புங்கள். டிப்ஸ்களை நேரத்தோடு பதிவு செய்து வைக்கும் தளங்கள் இருக்கின்றன. இல்லாவிட்டால் உங்களுக்கு வேண்டாத, கறாரான இரண்டு பேருக்கு மின்னஞ்சல் போதும்.

டெலிகிராமில் பழைய செய்தியை அழிக்கலாம், திருத்தலாம், அதனால் அது மட்டும் சாட்சி ஆகாது. ஜெயித்த பந்தயச் சீட்டின் ஸ்கிரீன்ஷாட் அதைவிட மோசம். எட்டுக் குதிரைக்கு எட்டுச் சீட்டு எடுத்து ஒன்றை மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டுக் கூட்டமாக ஆட்களைப் பிரித்து, ஆளுக்கொரு குதிரையை அனுப்பி, ஜெயித்த கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரிக்கிற பழைய மோசடியும் உண்டு. கடைசியில் மிஞ்சுகிற நாலு பேருக்கு நீங்கள் தெய்வமாகத் தெரிவீர்கள். வாடிக்கையாளர்கள் இதையெல்லாம் கண்டவர்கள், ஆகவே முத்திரை முதல் நாளில் இருந்தே இருக்க வேண்டும். பாதியில் தொடங்கினால் முந்தைய பாதியைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள்.

## 5. தோல்வி வரிசையை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

ஐந்தில் ஒன்று ஜெயிக்கும் டிப்ஸ்டர் திறமைசாலிதான், விலை சரியாக இருந்தால். அவருக்கே ஐந்நூறு டிப்புக்குள் வரிசையாக இருபது தோல்வி ஒரு முறை வருவது இயல்பு. ஒரு நாளுக்கு இரண்டு டிப் என்றால் பத்து நாள் ஒரு ஜெயம்கூட இல்லை. பத்தில் ஒன்று ஜெயிக்கும் பெரிய விலைக் குதிரைகளைக் கொடுக்கிறவருக்கு ஆயிரம் டிப்பில் நாற்பது வரிசையாகத் தோற்கலாம்.

பள்ளத்தின் ஆழம் இதைவிட அதிகம். இருபது தோற்று, ஒரு 5/1 ஜெயித்து, மறுபடி பதினைந்து தோற்றால் 30 பாயின்ட் பள்ளம். அதனால்தான் சந்தாதாரரிடம் 100 பாயின்டுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஒதுக்கக்கூடியது 500 பவுண்டு என்றால் ஒரு பாயின்ட் 5 பவுண்டு, அதற்கு மேல் போகக் கூடாது. இதைச் சேரும் நாளிலேயே, எழுத்தில் சொல்லுங்கள். பள்ளத்தில் விழுந்தபின் சொன்னால் சாக்குப் போக்காகத்தான் கேட்கும்.

## 6. சட்டம், வரி, பணம் வாங்கும் வழி

டிப்ஸ் மட்டும் விற்பதற்கு பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் தேவையில்லை. ஆனால் "என்னிடம் பணத்தைக் கொடு, நானே உனக்காகக் கட்டுகிறேன்" என்று ஆரம்பித்தால் கதை வேறு. யார் கெஞ்சினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விளம்பரத்தில் சொல்லும் ஒவ்வொரு லாப எண்ணுக்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும், விளம்பரத் தர ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும். "நிச்சய வெற்றி", "நஷ்டமே கிடையாது" போன்ற சொற்களைத் தொடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது.

தூரத்தில் இருந்து விற்கும் சேவை என்பதால் 2013 ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள்படி 14 நாளுக்குள் சந்தாவை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இன்றே டிப்ஸ் வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டதைப் பதிவு செய்துகொண்டால், பயன்படுத்திய நாட்களுக்கான பங்கை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஒரு டிக் பெட்டியை மறந்தவர்கள் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

பந்தயத்தில் ஜெயிக்கும் பணத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் சந்தா வருமானம் பந்தயப் பணம் அல்ல, வியாபார வருமானம். ஒரு வரியாண்டில் 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வரியாண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையில் பதிய வேண்டும். "குதிரைக் காசுக்கு வரி கிடையாதே" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தாகிவிட்டது.

பணம் வசூலிக்கும் நிறுவனங்கள் பலவற்றுக்குச் சூதாட்டம் சார்ந்த எதுவும் ஆகாது. எழுபது பேர் சேர்ந்தபின் கணக்கை முடக்கினால் மாதப் பணம் முழுக்க மாட்டிக்கொள்ளும். விதிமுறையைப் படித்து, என்ன விற்கிறீர்கள் என்று ஒளிக்காமல் எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்தபின் தொடங்குங்கள்.

இன்னொன்று. "லாயத்துக்குள் இருந்து வந்த செய்தி" என்று விற்காதீர்கள். பொய்யென்றால் மோசடி. உண்மையென்றால் அதைவிட மோசம்: ஜாக்கியோ லாயப் பணியாளரோ வெளியே தெரியாத தகவலைக் காசுக்குக் கொடுப்பது பந்தய ஆணையத்தின் விதிகளுக்கு எதிரானது, அவர்கள் வேலையே போகும்.

## 7. இருபது பேருக்கு இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள்

தனியாக எழுதிய ஐந்நூறில் லாபம் இருந்தது, சரி. இருபது பேர் சேர்ந்து கட்டினால் அந்த விலை தாங்குமா? இதைத் தெரிந்துகொள்ள இரண்டு மாதம் இலவசமாகக் கொடுங்கள், ஒவ்வொருவரும் உண்மையில் எடுத்த விலையை அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் அனுப்ப மாட்டார்கள். அனுப்பும் பத்துப் பேர் போதும்.

நீங்கள் 7/1 என்று எழுதியதற்கு அவர்கள் சராசரியாக 11/2 எடுத்திருந்தால், உங்கள் லாபம் அங்கேயே கரைந்துவிட்டது. அனுப்பும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். தடை இல்லாத (ஃப்ளாட்) ஓட்டங்களுக்கு 48 மணி நேரம் முன்பும், தடை தாண்டும் ஓட்டங்களுக்குப் பெரும்பாலும் முந்தின நாளும், காலை 10 மணிக்குக் குதிரைப் பட்டியல் முடிவாகும். முந்தின நாள் மாலை விலை கவர்ச்சியாக இருக்கும், ஆனால் கட்ட விடும் தொகை சிறியது, தொட்டவுடன் விலை விழும். காலை ஒன்பதரை பத்துக்கு விலை கொஞ்சம் குறைந்தாலும் நிலைத்து நிற்கும். நான் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், காலை பத்துக்கு அனுப்புவதில் போய் நின்றேன். நேரம் நிலையாக இருந்தால் ஆட்கள் போனைக் கையில் வைத்துக் காத்திருப்பார்கள், எடுக்கும் விலைகளுக்கு இடையே வித்தியாசம் குறையும்.

இந்தச் சோதனையில்தான் உங்கள் உச்ச வரம்பு தெரியும். முப்பது பேருக்கு மேல் விலை தாங்காது என்றால் முப்பதோடு கதவைச் சாத்துங்கள். காத்திருப்போர் பட்டியல் இருப்பது கௌரவக் குறைவு இல்லை.

மார்ச்சில் செல்டன்ஹாம் விழாவை ஒட்டிக் கடை திறப்பது எல்லோருக்கும் வரும் ஆசை, அப்போதுதான் கூட்டம் இருக்கிறது. நான்கு நாள், 28 ஓட்டம், வருஷத்திலேயே கடினமான சந்தை. முதல் வாரத்திலேயே 20 பாயின்ட் போனால் அந்த ஆட்கள் திரும்ப மாட்டார்கள். யாரும் கவனிக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில் திறவுங்கள்.

## 8. இப்போது கட்டணம்

கட்டணத்தை உங்கள் உழைப்பில் இருந்து கணக்கிடாதீர்கள், வாடிக்கையாளரின் லாபத்தில் இருந்து கணக்கிடுங்கள்.

மாதம் 60 டிப், பாயின்டுக்கு 10 பவுண்டு என்றால் அவர் கட்டுவது 600 பவுண்டு. உங்கள் நீண்டகால லாபம் 6% (இதுவே நல்ல எண்) என்றால் அவருக்கு மாதம் கிடைப்பது 36 பவுண்டு. நீங்கள் 40 பவுண்டு சந்தா வாங்கினால், டிப்ஸ் எல்லாம் சரியாக வேலை செய்தும் அவர் மாதம் 4 பவுண்டு நஷ்டப்படுகிறார். ஊரில் நடக்கும் டிப்ஸ் கடைகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப்போகும்.

"பாயின்டுக்கு 50 பவுண்டு கட்டட்டுமே" என்பார்கள். வுல்வர்ஹாம்ப்டன் ராத்திரி ஓட்டத்தில் அவ்வளவு தொகையைப் புக்கி எத்தனை நாள் விடுவார்?

என் கணக்கு, எதிர்பார்க்கும் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. மேலே சொன்ன ஆளுக்கு 12 பவுண்டு. நாற்பது பேர் என்றால் மாதம் 480. மூன்றாவது மாதத்திலேயே வரி வரம்பைத் தாண்டுவீர்கள், ஆனால் வேலையை விடும் அளவு பணம் இது இல்லை. இது பிடிக்கவில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு உங்கள் சொந்தப் பணத்தைக் கட்டுவதே மேல், அப்போது விலையை உடைக்கவும் ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் புக்கியின் கமிஷன் ஆசை காட்டும். உங்கள் இணைப்பு வழியாகச் சேர்கிறவர்கள் தோற்கும் பணத்தில் உங்களுக்குப் பங்கு. இலவச டிப்ஸ் சேனல்கள் பல ஓடுவது இந்தப் பணத்தில். உங்கள் ஆட்கள் தோற்றால் உங்களுக்குக் காசு வரும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நேர்மையாக டிப் கொடுக்க யாராலும் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியும் இணைப்பு போடுகிறவர் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட்டாக வேண்டும்.

## 9. செய்தியை எப்படி எழுதுவது

ஒரே வடிவம், எல்லா நாளும்:

"வுல்வர்ஹாம்ப்டன் 6.30. குதிரையின் பெயர். 1 பாயின்ட், வின் மட்டும். இப்போது 7/1. 5/1 வரை கட்டலாம், அதற்குக் கீழே வேண்டாம்."

கடைசி வரிதான் உயிர். குறைந்தபட்ச விலை இல்லாமல் அனுப்பினால் ஆட்கள் 3/1-இலும் கட்டிவிட்டு, ஜெயித்தும் ஏன் வருஷ முடிவில் நஷ்டம் என்று கேட்பார்கள். அதன்பின் காரணம் இரண்டு வரி போதும். நீளமான கட்டுரை எழுதினால் படித்து முடிப்பதற்குள் விலை போய்விடும், அதை மத்தியானம் அனுப்புங்கள். டிப் இல்லாத நாளில் "இன்று இல்லை" என்று அதே பத்து மணிக்கு அனுப்புங்கள்.

## 10. தோற்கும் மாதத்தில் செய்ய வேண்டியவை

பாயின்டை ஏற்றாதீர்கள். "இன்றைக்கு 5 பாயின்ட், எல்லாவற்றையும் மீட்கிறோம்" என்று ஒரே ஒரு செய்தி போட்டால், ஐந்நூறு டிப்பில் சேர்த்த கணக்குக்கு அதோடு அர்த்தம் போய்விடும். முடிவுகளை அன்றன்றைக்கே, ஜெயித்த நாளில் போடும் அதே நேரத்தில் போடுங்கள். கோபமாக எழுதுகிறவருக்குப் பள்ளம் பற்றிச் சேரும்போது அனுப்பிய பத்தியையே மறுபடி அனுப்புங்கள்.

தனியாகச் செய்தி அனுப்பி "இன்று ராத்திரிக்குள் ஒரு உறுதியான குதிரை கொடுங்கள்" என்று கெஞ்சுகிறவர் ஒருவர் வருவார், கட்டாயம் வருவார். கடன் வாங்கிக் கட்டுகிறார் என்று பேச்சிலேயே தெரியும். குதிரை கொடுக்காதீர்கள். சந்தாவை நிறுத்தி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கேம்கேர் உதவி எண்ணையும், ஆன்லைன் பந்தயக் கணக்குகளில் இருந்து தன்னையே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் பதிவையும் சொல்லுங்கள். ஒரு சந்தா போனால் 12 பவுண்டு.

கடையை எப்போது மூடுவது என்பதையும் திறக்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். என்னுடையது இப்படி இருந்தது: சந்தாதாரர்கள் உண்மையில் எடுத்த விலையில் கடைசி ஐந்நூறு டிப் நஷ்டம், அதோடு நான் அனுப்பிய விலை எக்ஸ்சேஞ்ச் தொடக்க விலையைப் பாதித் தடவைகூடத் தாண்டவில்லை என்றால் மூடுவது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் புதியவர்களைச் சேர்க்காமல் இன்னும் இருநூறு பார்ப்பது. மூடும்போது மீதி நாட்களுக்கான சந்தாவை நாள் கணக்குப் போட்டு, கேட்காமலே திருப்பி அனுப்பிவிட்டு, பதிவுகளை ஒரு வருஷம் எல்லோரும் பார்க்கும்படி அப்படியே விட்டு வைத்தேன்.